நாலே முக்காலுக்கு நிறுத்தியவர்

செப்டம்பர் 8, திங்கள்

மாவு புளித்துவிட்டதால் காலையில் ஊத்தப்பம். வெங்காயம் நறுக்கியது என் வீட்டுக்காரர் லோகநாதன். நறுக்கியதை நாலு பேரிடம் சொல்லாமல் இருக்கமாட்டார், அதனால் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

அலுவலகத்தில் ஆல்பர்ட் சார் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். மின்னஞ்சல் இல்லை, உண்மையான கடிதம், நீல மையில், தமிழில். இந்தக் கம்பெனிக்கு அப்படி ஒன்று வந்து நான் பார்த்ததே இல்லை. பல்லடம் தாண்டி இருக்கிற வளர்பிறை ஹேச்சரியிலிருந்து சென்னியப்பன் என்பவர் எழுதியிருக்கிறார். கோழிக்குஞ்சு பொரிக்கிற இடம். அங்கே முட்டைகளை அடைகாக்கும் பெரிய மெஷின்களை ஓட்டுவது நாங்கள் எழுதிக் கொடுத்த புரோகிராம்.

கடிதம் இதுதான்: “ஐயா, போன வருடம் ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டரை நான் முறைப்படிதான் நிறுத்தினேன். பிளக்கைப் பிடுங்கவில்லை. மாலை நாலே முக்காலுக்கு நிறுத்தினேன். நீங்கள் கொடுத்த ரிப்போர்ட்டைக் காட்டி நான்தான் பிடுங்கினேன் என்கிறார்கள். மெஷின் ரூமிலிருந்து எடுத்து என்னைக் கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டுவிட்டார்கள். பதினெட்டு வருடம் குஞ்சு பொரித்தவன் நான். தயவுசெய்து இன்னொரு தடவை சோதித்துப் பாருங்கள்.” கீழே போன் நம்பர்.

“டெஸ்ட இன்னொரு தடவ ஓட்டிட்டு, மரியாதையா ஒரு பதில் எழுதிருங்க வசந்தாமணி. அவர் மனசு நோகக் கூடாது” என்றார் சார்.

மனம் நோகாமல் ‘நீங்கள் பொய் சொல்கிறீர்கள்’ என்று எழுதுவது எப்படி என்பதையும் சார் சொல்லியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 9, செவ்வாய்

நிறுத்தச் சொன்னால் புரோகிராம் ஒழுங்காக நிற்கிறதா என்று தானாகவே இருநூறு தடவை பார்க்கிற சோதனை. ஓட்டினேன். இருநூறுக்கு இருநூறு. எல்லாமே வெற்றி.

பதில் கடிதத்துக்கு உதவும் என்பதால் விஷயத்தை ஒரு தடவை சாதாரணத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். எங்கள் புரோகிராமுக்குப் படம், பட்டன் எதுவும் கிடையாது. கருப்புத் திரையில் கட்டளை அடித்தால் ஓடும். மணிக்கு ஒரு தடவை முட்டை டிரேக்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்க்கும். தாய்க்கோழி அலகால் புரட்டிவிடுகிற வேலைதான் அது. புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஓட ஆரம்பித்ததும் புரோகிராம் ‘நான் ஓடுகிறேன்’ என்று ஒரு குட்டிக் கோப்பை எழுதி வைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு ஓடி அடித்துக்கொள்ளக் கூடாதல்லவா, அதற்காக.

கம்ப்யூட்டரை நிறுத்தும்போது அது எல்லாப் புரோகிராம்களுக்கும் ‘முடித்துக்கொள்’ என்று ஒரு சிக்னல் அனுப்பும். எங்களுடையது அதைக் கேட்டதும் கைவேலையை முடித்து, குட்டிக் கோப்பை அழித்து, ‘நிறுத்திவிட்டேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நிற்க வேண்டும். நிற்காமல் அடம்பிடித்தால் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்து, கம்ப்யூட்டர் இன்னொரு சிக்னல் அனுப்பும். அது சொல்லிப் பார்க்கிற சிக்னல் இல்லை, கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற சிக்னல். பிளக்கைப் பிடுங்கினாலும் அதே கதிதான். கோப்பு அழியாது, கடைசி வரியும் இருக்காது.

போன வருடம் ஹேச்சரியில் கடைசி வரி இல்லை. கோப்பு அழியாமல் கிடந்தது. பூஜை முடிந்து மறுபடி போட்டபோது புரோகிராம் அந்தக் கோப்பைப் பார்த்து, ‘ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. சென்னியப்பன் அதை நம்பிவிட்டார். விடியும் வரை ஒரு டிரேகூடப் புரளவில்லை. ஐம்பத்தேழாயிரம் முட்டையில் பாதிதான் பொரிந்தது. அவர் பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். எங்கள் ரிப்போர்ட்டும் அதையே சொன்னது.

இன்றைக்கு அந்தச் சோதனையைத் திறந்து படித்துப் பார்த்தேன். எவ்வளவு சுத்தமான எழுத்து! குறிப்புகள் தெளிவு, பெயர்கள் அழகு. இந்த அலுவலகத்தில் இப்படி எழுதக்கூடிய ஆள் ஒருவர்தான்.

செப்டம்பர் 10, புதன்

பதில் எழுத உட்கார்ந்தேன். ‘மதிப்பிற்குரிய’ வரை வந்தது. கேஸ் சிலிண்டர் வந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

எழுத வராததால் போனிலேயே சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன். பின்னால் லாரி ஹாரன் சத்தம். கேட்டில்தான் நிற்கிறார்.

“சொல்லுங் அம்மிணி” என்றார். நான் பிறந்தது கோபிப் பக்கம். அம்மிணி என்று கூப்பிட்டுவிட்டால் அதற்குமேல் அதிகாரியாகப் பேச எனக்கு வராது.

“டெஸ்ட் மறுபடி ஓட்டிப் பாத்தமுங்ணா. எல்லாம் சரியாத்தான் வருது.”

“அப்ப நான் பொய் சொல்றனுங்களா?”

“அப்படிச் சொல்லலீங்ணா. அன்னிக்கு என்ன பண்ணுனீங்க, அதச் சொல்லுங்.”

“காலண்டர்ல நல்ல நேரம் நாலே முக்கால்னு போட்டிருந்துச்சுங். கடியாரத்தப் பாத்துட்டே நின்னனுங். முள்ளு அங்க வந்ததும் சாமியக் கும்பிட்டு, ‘ஷட் டவுன்’ங்கறத அமுக்குனனுங். தெரை இருண்டதுக்கப்புறந்தான் துணியெடுத்துத் தொடைச்சேன். பிளக்குக்கிட்டயே போவலீங்.”

அப்புறம் கொஞ்சம் குரல் இறங்கிப்போயிற்று. “வர்ற பூசைக்கு முன்னாடி மெஷின் ரூமுக்குப் புது ஆள நிரந்தரமாப் போடறாங்கங். போட்டுட்டாங்கன்னா நான் ரிட்டயர்டு ஆவற வரைக்கும் கேட்லதான். அதுகூடப் பரவால்லீங். எம்பட புள்ளையே, ‘ஏப்பா, மறந்தாப்ல புடுங்கிருப்பீங்களோ’ங்குது.”

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். நாலே முக்கால் என்று நிமிடத்தோடு சொல்கிறார். பொய் சொல்கிறவர்களும் நிமிடத்தோடுதான் சொல்வார்கள். ஆனாலும் அந்த மனிதர் பொய் சொல்வது போல் எனக்குத் தோன்றவில்லை, அதுதான் தொந்தரவு.

செப்டம்பர் 12, வெள்ளி

சோதனையை இருநூறு தடவை தானாக ஓடவிடாமல், ஒரு தடவை என் கையால் செய்து பார்க்கலாம் என்று நினைத்தேன். புரோகிராமை ஓடவிட்டுவிட்டு டீ எடுக்கப் போனேன். டீயோடு வந்து சிக்னல் அனுப்பினால், ‘அப்படி எதுவும் ஓடவில்லை’ என்கிறது கம்ப்யூட்டர்.

நான் எதையும் நிறுத்தவில்லையே!

மறுபடி ஓட்டிவிட்டு நகராமல் பார்த்தேன். ஒரு நொடி. ‘மெஷின் இணைக்கப்படவில்லை. நிறுத்துகிறேன்’ என்று சொல்லி, கோப்பைத் தானே அழித்துவிட்டு, தானே நின்றுவிட்டது. நியாயம்தான், அலுவலகத்துச் சோதனைக் கம்ப்யூட்டரில் முட்டை மெஷின் எங்கே இருக்கிறது? சோதனையோ இரண்டாவது நொடியில்தான் சிக்னல் அனுப்புகிறது. அதற்குள் புரோகிராம் போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு, கோப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லை. ஆகா, வெற்றி.

இருநூறு தடவை ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டி, ‘சத்தமில்லாமல் கிளம்பிவிட்டார்’ என்று இருநூறு தடவை எழுதி வைத்திருக்கிறது. ‘அப்படி எதுவும் ஓடவில்லை’ என்று கம்ப்யூட்டர் சொன்னதைக்கூடக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும்படி எழுதியிருக்கிறது.

புரோகிராமை எழுதிய இர்ஷாத் எட்டிப் பார்த்துவிட்டு, “யாருக்கா இந்த டெஸ்ட எழுதுனது?” என்றான்.

“பழசுடா. பாக்கணும்” என்றேன்.

எழுதியவர் ஏதோ அவசரத்தில் இருந்திருக்கிறார். யார் என்பது இப்போது முக்கியமில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஒப்புட்டு செய்தேன், மற்ற ஊர்களில் போளி என்பார்கள். பன்னிரண்டில் எட்டு இவருடைய கணக்கு.

“என்ன புள்ள, ஒப்புட்டுத் தட்டறப்போ பாடுவியே, இன்னிக்கு உம்முனு இருக்கற?”

“ஒண்ணுமில்லீங்க.”

“ஆப்பீசுல ஆரையாச்சும் கடிச்சு வெச்சிட்டயா?”

சிரித்துவிட்டேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. கையெல்லாம் மாவு, துடைக்கவும் முடியவில்லை. இவர் பயந்துபோய் அடுப்பை அணைத்தார்.

சரி, எழுதிவிடுகிறேன். அந்தச் சோதனையை எழுதியது நான், புரோகிராம் ஹேச்சரிக்குப் போவதற்கு முன்னால்; ரிப்போர்ட்டுக்கும் அதையேதான் ஓட்டினோம். போகிப் பண்டிகை அன்று. ஒரு மணிக்குக் கோபி பஸ், அலுவலகத்தில் பாதிப் பேர் அப்போதே கிளம்பியாயிற்று. மெஷின் போல நடிக்கிற பெட்டி ஒன்று இருக்கிறது, அதை மாட்டித்தான் சோதிக்க வேண்டும். அது இர்ஷாத்தின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது, அவன் ஊருக்குப் போய்விட்டான். இல்லாமலே ஓட்டிப் பார்த்தேன். ‘வெற்றி’ என்று பச்சையாக வந்தது. பச்சையைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டேன். பொங்கல் நன்றாகத்தான் பொங்கியது.

அவசரத்தில் விட்டதைவிட, செவ்வாய்க்கிழமை அதைப் படித்து நானே மெச்சிக்கொண்டதுதான் அதிக வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

முதல் வேலையாக இர்ஷாத்திடம் சொன்னேன். “தெரியும்க்கா. வரிக்கு வரி முற்றுப்புள்ளி வெக்கிற ஆள் இங்க வேற யாரு?” என்றான். வெள்ளிக்கிழமையே தெரிந்திருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறான், நல்லவன்.

பெட்டியைத் தேடி எடுத்து மாட்டினோம். சோதனையைப் புதிதாக எழுதினேன். முதல் வரி: புரோகிராம் உயிரோடு இருக்கிறதா பார். இல்லையென்றால் அங்கேயே தோல்வி என்று கத்து. அதன் பிறகுதான் சிக்னல்.

இருநூறுக்கு இருநூறு. இந்தத் தடவை நிஜமாகவே.

உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. சோதனை தப்பாக இருந்தாலும் ரிப்போர்ட் சரிதான். புரோகிராம் ஒழுங்காக நிற்கிறது. சென்னியப்பன் மறந்து பிடுங்கியிருக்கலாம், மனிதர்தானே. ‘மதிப்பிற்குரிய ஐயா, மீண்டும் முழுமையாகச் சோதித்தோம்’ என்று நாலு வரி மளமளவென்று வந்துவிட்டது.

அனுப்பவில்லை. காரணம் தெரியவில்லை. பிரிண்டரில் மை குறைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 17, புதன்

காலையில் தேதி கிழிக்கும்போது காலண்டரைப் பார்த்தேன். தினமும் கிழிக்கிறேன், படிப்பதில்லை. புதன், நல்ல நேரம் 4.45 முதல் 5.45. புரட்டிப் பார்த்தேன். வெள்ளி 4.45. சனி 4.45. செவ்வாய் 4.45. வியாழன் காலை 10.45. முக்கால், முக்கால், முக்கால். நாள் காலண்டரில் நல்ல நேரம் பாதிக்கு மேல் முக்காலில்தான் ஆரம்பிக்கிறது.

தோசைக்கல் புகைகிறது என்று இவர் கத்தினார். அப்படியே விட்டுவிட்டு இர்ஷாத்தைக் கூப்பிட்டேன்.

“டிரே எத்தன மணிக்குச் சாயும்டா?”

“மணிக்கு ஒருதடவைக்கா.”

“மணிக்கு எத்தனாவது நிமிஷம்?”

“முதமுதல்ல மெஷின ஆரம்பிச்ச நிமிஷம் எதுவோ, அதே நிமிஷம். கம்ப்யூட்டர நிறுத்திப் போட்டாலும் அது மாறாது.”

அடுத்தது சென்னியப்பனுக்கு. “உங்க மெஷின் தொறப்பு விழா எப்பங்ணா நடந்துச்சு?”

“போன வருசம் தைப்பூசத்துக்குங். வெசாழக்கெழம. பத்தே முக்காலுக்குச் சுச்சுப் போட்டமுங். நல்ல நேரம் பாத்துத்தான?”

நல்ல நேரத்தில் ஆரம்பித்த மெஷின், மணிக்கு ஒரு தடவை முக்காலில் டிரேயைச் சாய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. நல்ல நேரத்தில் நிறுத்த வந்தவர், சரியாக முக்காலில் அமுக்கியிருக்கிறார். புரோகிராம் முழு வேலையில் இருக்கும் அந்த நிமிடத்தில். நாலு பத்துக்கோ நாலு இருபதுக்கோ நிறுத்தியிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. எங்கள் அலுவலகத்தில் யாரும் நல்ல நேரம் பார்த்துச் சோதிப்பதில்லை. என் சோதனையோ டிரே சாய்வதற்கு ஐம்பத்தொன்பது நிமிடம் முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

அலுவலகம் போனதும், மணிக்கணக்கில் காத்திராமல் கட்டளை அடித்தே டிரேயைச் சாயவிட்டு, சாயும்போது பார்த்துச் சிக்னல் அனுப்பினோம். சாய்ந்து முடிய எழுபது நொடி ஆகிறது. முடிகிற வரை புரோகிராம் எந்தச் சிக்னலையும் காதில் வாங்குவதில்லை. கம்ப்யூட்டர் முப்பது நொடிதான் பொறுக்கிறது, அப்புறம் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுகிறது. கோப்பு அழியவில்லை. கடைசி வரி இல்லை. பிளக்கைப் பிடுங்கியது போலவே இருக்கிறது, ஒரு வித்தியாசமும் சொல்ல முடியாது.

இருபது தடவை செய்தோம். இருபதுக்குப் பூஜ்யம். தோற்றதற்கு நான் கைதட்டியது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 18, வியாழன்

ஆல்பர்ட் சாரிடம் முழுவதையும் சொன்னேன், போகி, பஸ், பெட்டி எல்லாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“சரி. திருத்தின புரோகிராம அனுப்பிருவோம். ‘மேம்படுத்தப்பட்டது’ன்னு ஒரு வரி போட்டாப் போதும். பழைய ரிப்போர்ட்டு தப்புன்னு நாமளே எதுக்கு எழுதிக் கொடுக்கணும்?”

“அப்படிக் குடுத்தா புரோகிராம் சரியாயிரும் சார். அவரு கேட்லயேதான் நிப்பாரு.”

“எழுதுனா யாரு தப்புன்னு கேப்பாங்க. உங்க பேர் வரும்.”

“வரட்டுங் சார். தப்பு என்னுதுதான?”

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “கம்பெனி பேரும் போடுங்க, உங்க பேர் மட்டும் தனியா வேண்டாம். கையெழுத்து நானும் போடறேன்” என்றார். ஒன்பது வருடமாக இவரிடம் வேலை பார்க்கிறேன். இவ்வளவு நல்ல மனிதர் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மத்தியானம் தயிர்சாதம், மோர்மிளகாய். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

நவராத்திரி ஆரம்பம். எதிர் வீட்டில் கொலு, கொண்டைக்கடலைச் சுண்டல். இன்னும் ஒன்பது நாளைக்குச் சாயங்காலப் பலகாரக் கவலை இல்லை.

இர்ஷாத் திருத்திவிட்டான். இப்போது டிரே பாதியில் சாய்ந்துகொண்டிருந்தாலும் சிக்னல் வந்ததும் அங்கேயே பிடித்து நிறுத்தி, எந்த இடத்தில் விட்டது என்று எழுதி, கோப்பை அழித்துவிட்டு நிற்கிறது. நாலு நொடி. மறுபடி போட்டால் விட்ட இடத்திலிருந்து சாய்க்கிறது.

“இன்னொண்ணு வேணும்டா. பிளக்கையே புடுங்குனா?”

“அதப் புடிக்க முடியாதுக்கா. சொல்லாமக் கொள்ளாம வர்றது அது.”

“புடிக்க வேண்டாம். மறுபடி எந்திரிக்கறப்போ பொய் சொல்லாம எந்திரிச்சாப் போதும். கோப்பு கெடந்தா உடனே ‘ஓடிட்டிருக்கு’ன்னு நம்பக் கூடாது. நெசமா ஓடுதான்னு தேடிப் பாக்கணும். இல்லேன்னா, போன தடவ ஒழுங்கா நிக்கலேன்னு சொல்லிட்டு வேலையப் பாக்கணும்.”

“நீங்க கேக்கறதெல்லாம் நாயமாத்தான் இருக்கும், அதான் கடுப்பாகுது” என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தான்.

செப்டம்பர் 26, வெள்ளி

எல்லா விதமான சிக்னலும், பிளக்கைப் பிடுங்குவதும், எல்லா நிமிடத்திலும். ஆயிரத்துக்கு ஆயிரம். நம்பாமல் மறுபடி ஓட்டினேன். ஆயிரம். எதிர் வீட்டில் பட்டாணிச் சுண்டல்.

செப்டம்பர் 29, திங்கள்

ரிப்போர்ட் ஹேச்சரிக்குப் போய்ச் சேர்ந்தது. மேனேஜர் மயில்சாமி கூப்பிட்டார். கோபக்காரர் என்று நினைத்திருந்தேன், அப்படியெல்லாம் இல்லை. அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

“உங்க ரிப்போர்ட்ட நம்பித்தானுங் மேடம் போன தடவ அந்தாள வெளிய போட்டேன். இப்ப இன்னொரு ரிப்போர்ட்டக் குடுத்து, மொதல்ல குடுத்தது தப்புங்கறீங்க. நாளைக்கு மூணாவது ஒண்ணு குடுப்பீங்க. நான் எந்தக் காயிதத்த நம்பறது?”

நியாயமான கேள்வி.

“புதன்கெழம பூசை. அதுக்குள்ளாற புது ஆளப் போட்டாகணுமுங். வேணும்னா அன்னிக்கு நேர்ல வந்து, எங்கண்ணு முன்னாடி காட்டுங்.”

இவரிடம் சொன்னேன். “போயிட்டு வா புள்ள. பூசைக்கு நான் வண்டியக் கழுவிக்கறேன்” என்றார். வண்டியைக் கழுவுவதையும் நாலு பேரிடம் சொல்வார்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

இர்ஷாத்தின் காரில் போனோம். மூன்று மணிக்கு ஹேச்சரி கேட். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்து நோட்டை நீட்டினார். நரைத்த மீசை, நெற்றியில் திருநீறு.

“பேரு, ஊரு, எந்த விசயமா வந்தீங்கன்னு எழுதுங்.”

வசந்தாமணி, கோயமுத்தூர் என்று எழுதினேன். எந்த விஷயமாக என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவர் பெயரைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அம்மிணிங்களா?”

“ஆமாங்ணா. நீங்க சரியாத்தான் நிறுத்தியிருக்கீங்க. தப்பு என்னுது. நான் எழுதுன டெஸ்ட்டு தப்பு.” வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த அழகான வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

அவர் நோட்டை மூடினார். “இத உள்ளார வந்து சொல்லுங் அம்மிணி. கேட்ல சொல்லி என்ன ஆவுது?”

மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே போனோம். அவரும் கூடவே வந்தார். மெஷின் ரூமில் கதகதப்பான ஈரக்காற்று, பக்கத்து அறையிலிருந்து குஞ்சுகளின் கீச்சுச் சத்தம். பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். மெஷின் கதவுகளில் சந்தனப் பொட்டு, தட்டில் பொரியும் கடலையும், ஓரத்தில் பூசணிக்காய். மயில்சாமி கையில் தேங்காயோடு நின்றிருந்தார்.

மூன்றாம் மெஷினில் அன்றைக்கு முட்டை இல்லை. அதன் கம்ப்யூட்டரில் முதலில் பழைய புரோகிராமையே போடச் சொன்னேன். கட்டளை அடித்து டிரேயைச் சாயவிட்டதும், “அண்ணா, அன்னிக்குப் பண்ணுன மாதிரியே பண்ணுங்” என்றேன். சென்னியப்பன் வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ‘ஷட் டவுன்’ அமுக்கினார். திரை இருண்டது. பிளக் சுவரிலேயே இருந்தது, எல்லோரும் பார்த்தார்கள். மறுபடி போட்டதும் திரையில் வந்தது: ‘ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.’ டிரே பாதிச் சாய்வில் அப்படியே நின்றது, அசையவில்லை.

மயில்சாமி குனிந்து டிரேயைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். கிடந்த கோப்பை நாங்களே அழித்துவிட்டு மறுபடி செய்தோம். அதேதான்.

“போன வருசம் இவரு பிளக்கப் புடுங்கலீங்க” என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். “மொறைப்படி நிறுத்துனாரு. நிக்கத் தெரியாதது எங்க புரோகிராம். அதக் கண்டுபிடிக்க வேண்டிய ஆள் நானு. சோதிக்காமயே சோதிச்சேன்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

சென்னியப்பன் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“ஒரு வருசமா எனக்கே சந்தேகம் வந்துபோச்சுங் அம்மிணி” என்றார். “எல்லாரும் நீதான் புடுங்குனே, நீதான் புடுங்குனேங்கறாங்க. பிளக்கு எங்கைல இருக்கறாப்ல கனவே வந்துச்சுங். நெசமாவே புடுங்கிப்போட்டு மறந்துட்டனோன்னு நெனச்சுட்டேன்.”

அந்த இடத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாலே முக்கால். இந்தத் தடவை முட்டை இருக்கிற பெரிய மெஷின், புதுப் புரோகிராம். அவரே கும்பிட்டு அமுக்கினார். டிரே சாய ஆரம்பித்த உடனே நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ‘நிறுத்திவிட்டேன்’ என்று வரி வந்து, திரை இருண்டது. துடைத்துப் பொட்டு வைத்து மறுபடி போட்டதும், விட்ட இடத்திலிருந்து டிரே மெல்லச் சாய்ந்தது. இர்ஷாத் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். வேலை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

“ஏனுங் அம்மிணி” என்றார் சென்னியப்பன். “புடுங்குனா என்னாகும்னு பாத்துட்டீங்களா?”

“பாத்தமுங்ணா. ஆயிரம் தடவை.”

“நாங்க பாக்கலியே.”

மயில்சாமியைத் திரும்பிப் பார்த்தார். மயில்சாமி தலையை ஆட்டினார். மூன்றாம் மெஷினில் புதுப் புரோகிராமைப் போட்டு, டிரேயைச் சாயவிட்டோம். டிரே சாய்ந்துகொண்டிருந்தபோது சென்னியப்பன் சுவரோரம் போய்க் குனிந்து, ஒரு வருடமாக எந்தப் பிளக்கைப் பிடுங்கியதாகச் சொன்னார்களோ அதே மாதிரிப் பிளக்கை, எல்லோர் கண் முன்னாலும், ஒரே இழுப்பில் பிடுங்கினார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. பின்னால் யாரோ விசில் அடித்தார்கள்.

பிளக்கை மறுபடி மாட்டிவிட்டு வந்து, திரையில் ஒவ்வொரு எழுத்தாக வந்ததைச் சத்தமாகப் படித்தார். “போன முறை... முறைப்படி... நிறுத்தப்படவில்லை. விட்ட இடத்திலிருந்து... தொடங்குகிறேன்.” டிரே சாய்ந்தது.

“பாத்துக்குங் சார்” என்றார் மேனேஜரிடம். “நான் புடுங்குனா இப்படித்தானுங் இருக்கும்.”

மயில்சாமி சிரிக்கவில்லை. கையிலிருந்த தேங்காயைச் சென்னியப்பனிடம் நீட்டினார். அந்த அறையில் பூஜைத் தேங்காயை உடைப்பது மெஷின் ரூம் பொறுப்பாளர்தான் என்று பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என் காதில் சொன்னார்.

“நேரமாவுதுங்ணா. ஒடைங்” என்றார் மயில்சாமி.

சென்னியப்பன் காக்கிச் சட்டையின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, பனியனோடு வந்து தேங்காயை வாங்கினார். கேட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.